திரைக்குக் கீழே தெரிந்த கால்கள்

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். சப், சப் என்று அவசரமில்லாத சத்தம். நடுவில் ஒரு சின்ன மூச்சு. மறுபடி சப், சப்.

தெர்மாமீட்டர் தட்டைக் கையில் ஏந்தி நான் வந்துகொண்டிருந்தேன். திரையை நெருங்கி இரண்டு எட்டு வைத்திருப்பேன், சத்தம் சட்டென்று நின்றது. துணி சரசரத்தது. வளையல்கள் மோதின. அடுத்த நொடி குழந்தை வீறிட்டு அழுதது.

திரையை விலக்கினேன். பேச்சியம்மா கழுத்துவரை போர்வையை இழுத்து மூடி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“நீங்கதானாக்கா? யாரோ ஆம்பள டாக்டர் வாராருன்னுல்ல பயந்துட்டேன்.”

“ஏன், என்னையப் பாத்தா ஆம்பள மாதிரியா இருக்கு?”

“மூஞ்சியப் பாத்தா இல்லக்கா. காலப் பாத்தா அப்படித்தான் இருக்கு.”

குனிந்து பார்த்தேன். வெள்ளை பேண்ட், வெள்ளை கான்வாஸ் ஷூ. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

அது ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு. என் மூத்த மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். பேச்சியம்மா வன்னியம்பட்டிக்காரி. தலைப்பிரசவம். நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்ட பெண் குழந்தை. தூக்கினால் கைக்குப் பாரமே தெரியாது. துண்டைத்தான் தூக்கியிருக்கிறோமோ என்று ஒரு முறை பிரித்துப் பார்த்துக்கொள்வேன். எனக்கு எதையும் இரண்டாம் தடவை பார்க்காவிட்டால் மனம் ஆறாது.

பேண்ட் வந்த கதை

அதற்கு முன்பு எங்கள் உடை வெள்ளை ஸ்கர்ட்டும் அரைக்கைச் சட்டையும்தான். ஸ்கர்ட் கெண்டைக்கால்வரை இறங்கும். பெரிய டாக்டரின் மகன், எங்களுக்குச் சின்ன டாக்டர், சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்ததும் ஆஸ்பத்திரியைப் புதுப்பிக்கத் தொடங்கினார். சுவருக்கு வெளிர் நீலம் அடித்தார். வாசலில் குரோட்டன்ஸ் வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். டாக்டர், கம்பவுண்டர், லேப்காரர், நர்ஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ. எங்களுக்குத் தொடைவரை தொங்கும் ஒரு சட்டையும் உண்டு.

மற்ற நர்ஸுகள் ஓய்வறையில் கூடி முணுமுணுத்தார்கள். நானும் மரியாதைக்கு முணுமுணுத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம்.

காரணம், பை. பேண்டில் இரண்டு பக்கமும் ஆழமான பை வைத்துத் தைத்திருந்தார்கள். கத்தரிக்கோல், பேனா, பஞ்சு, பிளாஸ்திரி, மதியம் சாப்பிட மறந்தால் கடித்துக்கொள்ள ஒரு கடலை மிட்டாய், எல்லாம் அதில் அடங்கின. ஸ்கர்ட் காலத்தில் கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று தேடியே பாதி டியூட்டி முடிந்துவிடும்.

ஆனால் வீட்டில் சண்டை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் சேலையில் பஸ் ஏறி ராஜபாளையம் போய், ஆஸ்பத்திரியில்தான் உடை மாற்றுவேன். ஆகவே பேண்டோடு என்னைத் தெருவில் யாரும் பார்க்கப்போவதில்லை. என் மாமியாருக்குக் கவலை வேறு.

“ஏட்டி கிரேசு, இதத் தொவச்சு எங்க காயப்போடுவ?”

“கொடியிலதான் மாமி.”

“நம்ம கொடியிலயா? போற வாறவுக என்ன நெனப்பாக? இந்த வீட்டுல எத்தன ஆம்பளன்னு எண்ண மாட்டாகளா?”

என் கணவர் மில் ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சுத் துகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். “நான் ஒண்ணும் சொல்லல” என்றார். எந்த விவாதத்திலும் அவர் சொல்லும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அதுதான்.

மாமி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவியிடமே போய், பெண் பிள்ளை பேண்ட் போடலாமா என்று கேட்டார். அந்த அம்மா, “அதப் போட்டா பஸ்ல ஏற எறங்க சொகமா இருக்குமோ?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்களாம். ‘கேட்டார்களாம்’ என்று ஏன் எழுதினேன்? பக்கத்தில்தான் நின்றேன். என் காதால் கேட்டேன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. பேண்டை நடுக்கொடியில் போட வேண்டும். முன்னால் ஒரு சேலை, பின்னால் ஒரு சேலை. வெயில் படாமல் பேண்ட் மட்டும் ஈரவாடையோடு இருக்கும். இருந்தாலும் நான் ஜெயித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

(இந்தப் பத்திரிகையை மாமியும் படிக்கிறார். போன வாரம் அவருடைய மீன்குழம்பைப் பற்றி எழுதியதற்கு, “உப்பக் கூடப் போட்டுட்டேன்னு ஊருக்கே சொல்லிட்டியே” என்றார். இந்த வாரம் என்ன நடக்குமோ.)

அப்பா கேட்ட கேள்வி

ஸ்கர்ட்டுக்கும் ஒரு காலத்தில் இதே பாடுதான். நர்ஸிங் படிப்பில் சேர்ந்த அன்று, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பா, சீருடையை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். அதட்டிப் பழகிய குரலை மெதுவாக்கி வார்டனிடம் கேட்டார்: “மேடம், இதுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் துணி சேக்க முடியாதா?”

“தரையில இழுபட்டா கிருமி ஏறும் சார்” என்றார் வார்டன்.

அப்பா சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்தார். ஆனால் முதல் விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போனபோது அம்மா என் ஸ்கர்ட்டுகளின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைத் துணி ஒட்டுப்போட்டுத் தைத்துத் தந்தாள். இரண்டும் வெவ்வேறு வெள்ளை என்பது வெயிலில் நின்றால்தான் தெரியும். விடுதியில் என்னை ‘ரயில் தண்டவாளம்’ என்று கூப்பிட்டார்கள்.

கொஞ்ச காலத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. வத்திராயிருப்புப் பக்கம் முகாமுக்குப் போனால், வயலில் நிற்கிற பெண்கள் தூரத்திலேயே எங்களை அடையாளம் கண்டு, “கவுன் போட்ட அம்மா வாராக” என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். முகம் தெரியாத தூரம். ஸ்கர்ட்தான் எங்களுக்கு முகம்.

இதை அன்று பேச்சியம்மாவின் திரைக்கு முன்னால் நின்றபோதுதான் நினைத்தேன்.

தடங்கலின் கதை

எங்கள் வார்டுத் திரைகள் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். முன்பு தரைவரை இருந்தவைதான். தினமும் பினாயில் போட்டுத் துடைப்பதில் அடிப்பக்கம் நனைந்து நாறியதால், மேட்ரன் ராஜம்மா அவற்றை வெட்டித் தைக்க வைத்திருந்தார். அந்த இடைவெளி வழியாகத்தான் படுத்திருக்கும் தாய்மார்கள் வார்டைப் பார்த்தார்கள். சேலைக் கரை தெரிந்தால் ஆயா. வேட்டி தெரிந்தால் யாரோ ஒருத்தியின் புருஷன். ஸ்கர்ட் தெரிந்தால் நர்ஸ். வெள்ளை பேண்ட் தெரிந்தால் ஆண்.

இப்போது எல்லாக் கால்களும் ஒரே கால்.

அன்று முழுவதும் நான் அதையே கவனித்தேன். ஆயா வாளியோடு போனாள். எந்தத் திரைக்குப் பின்னும் சத்தம் நிற்கவில்லை. என்னோடு வேலை பார்த்த நர்ஸ் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். வரிசையாகப் போர்வைகள் ஏறின, வரிசையாகக் குழந்தைகள் அழுதன.

மற்றக் குழந்தைகள் கொழுகொழுவென்று இருந்தவை. அழுது அடம்பிடித்து மறுபடி குடித்துவிடும். பேச்சியம்மாவின் குழந்தைக்கு அவ்வளவு தெம்பில்லை. ஒரு தடவை மார்பிலிருந்து பிரித்தால், கொஞ்சம் அழுது, களைத்துத் தூங்கிவிடும். காலையில் தராசுத் தட்டில் வைத்தால் முள் நேற்று நின்ற இடத்திலேயே நிற்கும்.

பெரிய டாக்டர் அன்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “இன்னும் ரெண்டு நாள் பாப்போம். எடை ஏறலேன்னா பால் பவுடர் ஆரம்பிச்சிருங்க.” டின்னைக்கூட வாங்கி அவள் தலைமாட்டில் வைத்தாயிற்று.

பேச்சியம்மா அந்த டின்னைப் பார்க்காமல் திரும்பித்தான் படுப்பாள். “எம்புட்டுப் பாலு கட்டிக் கெடக்கு, வலி உயிர் போகுதுக்கா. பொறவு எதுக்கு எம்புள்ளைக்கு டின்னு?” என்று அழுதாள்.

எனக்கு அந்த வலி தெரியும். ராஜபாளையம் பஸ்ஸில் யார் குழந்தையாவது அழுதால் போதும், என் மகள் அழுவதாக நினைத்து என் ரவிக்கை நனைந்துவிடும். சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மறுநாள் ஒரு வழி செய்து பார்த்தேன். நடக்கும்போதே, “சிஸ்டர் வாரேன், சிஸ்டர் வாரேன்” என்று குரல் கொடுத்தபடி போனேன். தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்துவிட்டன. மேட்ரன் ராஜம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன கிரேஸ், கீரை விக்கிறியா?” என்றார்.

“கொலுசு போட்டுக்கிட்டு நடங்கக்கா” என்று பேச்சியம்மா ஒரு யோசனை சொன்னாள். டியூட்டியில் நகைக்குத் தடை. அதுவும் ஆகாது.

யாருக்காகக் கேட்கிறேன்?

ஸ்கர்ட்தான் வழி என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை நான் எப்படிக் கேட்பது? பேண்டுக்காக வீட்டில் மல்லுக்கு நின்றவள் நான். இப்போது ஸ்கர்ட் வேண்டும் என்று போனால், மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்? விடுப்பிலிருந்து இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். வந்ததும் வராததுமாகச் சட்டம் பேசுகிறாள் என்று வேலையைவிட்டு நிறுத்திவிட்டால்? ஒருவேளை எனக்கே பேண்ட் கூச்சமாக இருந்து, பேச்சியம்மாவைச் சாக்கு வைக்கிறேனோ? இல்லை, எனக்குப் பேண்ட் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் இரண்டு நாள் கேட்காமல் இருந்தேனோ?

இப்படிப் புரட்டிப் புரட்டி யோசித்துவிட்டு மேட்ரன் முன்னால் போய் நின்றேன்.

“பேண்ட் வந்த அன்னிக்கு பையில கைய விட்டு விட்டுப் பாத்துக்கிட்டு நின்னவ நீதான?” என்றார் ராஜம்மா.

“ஆமா மேடம்.”

“இப்ப ஸ்கர்ட் வேணுமா?”

“எனக்கு வேண்டாம் மேடம். அந்தக் குழந்தைக்கு வேணும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வா” என்று சின்ன டாக்டரின் அறைக்கு அழைத்துப்போனார்.

சின்ன டாக்டர் கெட்டவர் இல்லை. எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். நான் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“கால் தெரியறதுதான பிரச்சினை? ஸ்கிரீனைத் தரை வரைக்கும் தச்சிருவோம்.”

“அப்ப யார் வாராங்கன்னே தெரியாது டாக்டர். எல்லாத்துக்கும் பயப்படுவாங்க” என்றேன். எனக்கே குரல் கேட்கவில்லை.

“கீழ ரத்தம் சிந்துனா எங்களுக்கும் தெரியாது” என்றார் மேட்ரன்.

“ரெண்டு மாசத்துல பழகிரும் சிஸ்டர்.”

“ரெண்டு மாசத்துல பழகும் டாக்டர். அந்தக் குழந்தைக்கு நாளைக்கு வரைக்கும்தான் டைம்.”

இதை நான்தான் சொன்னேனா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. மேட்ரன் சொன்னதாக நினைத்தேன். நான்தான் சொன்னேன் என்று அவர் பிறகு சத்தியம் செய்தார்.

சின்ன டாக்டர் முகம் சுருங்கியது. “ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. யூனிபார்ம்னா யூனிபார்ம்தான். வேணும்னா நானே வந்து அந்தப் பொண்ணுகிட்டப் பேசறேன்” என்றார். பேச்சு முடிந்தது. வெளியே வந்ததும் எனக்குக் கால் நடுங்கியது. பேண்டுக்குள் நடுங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. அதற்கும் பேண்ட் நல்ல உடைதான்.

சேவு

சொன்னபடியே சாயங்காலம் அவர் வார்டுக்கு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் மாடியில் இருந்தேன்.

பேச்சியம்மாவின் அம்மா, டாக்டரே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார் என்ற பரபரப்பில், சாத்தூர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் வைத்திருக்கிறார். “ஒரு வாய் போட்டுக்கோங்கய்யா, இப்பத்தான் எம்மவன் வாங்கியாந்தான்.” நோயாளிகள் கொடுப்பதை டாக்டர்கள் தின்னக் கூடாது என்பது பெரிய டாக்டரின் சட்டம். அதை மீறி ஒரு நர்ஸ் மாம்பழம் வாங்கியதற்கு ஒரு வாரம் ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. ஆனால் அவர் மகனுக்குச் சேவு என்றால் உயிர் போலிருக்கிறது. ஒரு கை அள்ளி வாயில் போட்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து நான் மாடியிலிருந்து இறங்கி, ஊசித் தட்டோடு அந்தத் திரையை நோக்கி நடந்தேன்.

உள்ளே ஸ்டூல் கிரீச்சென்று பின்னால் நகர்ந்தது. எதுவோ தரையில் சிதறியது. திரையை விலக்கினேன். சின்ன டாக்டர் விறைப்பாக எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கோட்டுப் பைக்குள் சேவை அமுக்கிக்கொண்டிருந்தது. வாய் நிறையச் சேவு. கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தன.

“நைனா, சும்மா பாக்கத்தான்...” என்று தொடங்கியவர், என் முகத்தைக் கண்டதும் பாதியில் நிறுத்தினார்.

அவர்கள் வீட்டில் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார். என் காலைப் பார்த்து, அப்பா ரவுண்டுக்கு வந்துவிட்டார் என்று எழுந்து நின்றிருக்கிறார்.

பேச்சியம்மா போர்வையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் வெடித்துவிட்டாள்.

“பாத்தியளா டாக்டர்! படிச்ச உங்களுக்கே இப்பிடின்னா, நான் எப்பிடிப் புள்ளைக்குப் பாலு குடுப்பேன்?”

அவர் சேவை விழுங்கினார். அது இறங்க வெகு நேரம் ஆனது. காது வரை சிவந்து, பிறகு அவரே சிரித்துவிட்டார். நான் எங்கே சிரித்தால் வேலை போய்விடுமோ என்று ஊசித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டு மட்டும் கடகடவென்று ஆடியது.

அதற்குள் மேட்ரன் வந்துவிட்டார். சிதறிய சேவைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார்.

“இந்த வார்டுல மட்டும் ஸ்கர்ட் போட்டுக்கோங்க” என்றார் சின்ன டாக்டர். போகும்போது திரும்பி, தாழ்ந்த குரலில், “மேடம், சேவு விஷயம் அப்பாகிட்ட...”

“சேவா? எந்த சேவு டாக்டர்?” என்றார் ராஜம்மா.

கொடியில் ஸ்கர்ட்

அன்று இரவே டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ஸ்கர்ட்டை எடுத்தேன். இடுப்பில் கொக்கி மாட்டவில்லை. பிள்ளை பெற்ற இடுப்பு அதன் போக்குக்கு விரிந்திருந்தது. ஓர் ஓரத்தைப் பிரித்து இடுப்பைத் தளர்த்தினேன். அப்படியே, மீந்திருந்த துணியில் ஆழமான ஒரு பையும் வைத்துத் தைத்துக்கொண்டேன். அதை மட்டும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அலசிக் கொடியில் போடப் போனபோது மாமி பார்த்துவிட்டார்.

“ஏட்டி, இன்னைக்குப் போட்ட பேண்ட்டு எங்க?”

“இனிமே எங்க வார்டுல ஸ்கர்ட்டுதான் மாமி.”

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்தார். “என்னட்டி சொல்லுத? வேலையில எறக்கிட்டாகளா?”

“இல்ல மாமி...”

“கொழாயடியில அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எம்மருமவ டாக்டரு மாதிரி பேண்ட்டு போட்டுத்தான் வேல பாக்கான்னு. இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தண்ணி பிடிக்கப் போவேன்?”

அப்போதுதான் கவனித்தேன். நேற்றுத் துவைத்த என் பேண்ட் நடுக்கொடியில் இல்லை. தெருவைப் பார்த்த முன்கொடியில், வெட்டவெளியில், இரண்டு காலும் விரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து அங்கே காய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கணவரைப் பார்த்தேன். “நான் ஒண்ணும் சொல்லல” என்றார்.

மறுநாள் காலை முதல் டியூட்டி. மில் சங்கு ஊதி அடங்கியிருந்தது. பினாயில் ஈரம் இன்னும் காயவில்லை. இடுப்பு சற்று இறுக்கமான ஸ்கர்ட்டில், பையில் கத்தரிக்கோல் தொடையில் இடிக்க, பேச்சியம்மாவின் திரையை நோக்கி நடந்தேன். டின் இன்னும் அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. பெரிய டாக்டர் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார். இதுவும் பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று நடந்துகொண்டே அடுத்த கவலையைத் தொடங்கியிருந்தேன்.

உள்ளே அந்தச் சத்தம். சப், சப்.

இரண்டு எட்டு வைத்தேன். நிற்கவில்லை. இன்னும் ஓர் எட்டு. திரை என் மூக்கில் உரசும் அளவுக்கு நெருங்கிவிட்டேன். ஸ்கர்ட்டின் விளிம்பும் என் கெண்டைக்கால்களும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

“செத்த நேரம் நில்லுங்கக்கா” என்றாள் பேச்சியம்மா உள்ளிருந்து, கிசுகிசுப்பாக. “புள்ள நல்லா இழுத்துக் குடிக்கா.”

நின்றேன். ஊசி, தெர்மாமீட்டர், ரவுண்டு எல்லாம் காத்திருந்தன. சப், சப். நடுவில் ஒரு சின்ன மூச்சு. மறுபடி சப், சப்.